அலமாரி ஆண்ட காலம்

"நாப்பதாயிரம் நர்ஸுங்களை முப்பத்தெட்டு வருஷமா ஆண்டுக்கிட்டிருந்த ஒரு இரும்பு அலமாரியை நான் ஒத்தை ஆளாக் கவுத்துப் போட்டேன்" என்று பெரிய சிஸ்டர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அறிவித்தபோது, காலை நடைக்கு வந்திருந்த நான்கு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்தால் இன்னும் சொல்வாளே என்ற பயம்தான். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட்டில் ஒரு கையால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிரசவம் பார்த்தது, அவள் ஒரு பார்வை பார்த்ததில் தலைமை அறுவை மருத்துவர் கத்தியைக் கீழே போட்டது என்று அந்த பெஞ்ச் எவ்வளவோ தாங்கியிருக்கிறது. ஒரே ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் சொல்வதில் பத்துக்கு ஒன்பதைக் கழித்துவிட வேண்டும், மிச்சத்தில் பாதியை நம்பலாம் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான வாய்ப்பாடு.

"முப்பத்தோராயிரத்து இருநூறு" என்றார் பெஞ்சின் மறுகோடியிலிருந்து சம்பந்தி. "நாப்பதாயிரம் இல்லை. கவுத்தும் போடலை, அது அங்கேயேதான் நிக்குது. அலமாரி ஆண்டுச்சுங்கிறது உங்க கற்பனை."

சம்பந்தி என்றால் அவளுடைய மகளின் மாமனார். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் அளவு நாடா வைத்திருப்பார். சம்பந்தம் பேச முதன்முதலில் வீட்டுக்கு வந்த அன்றே, மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று சொல்வதற்கு முன்னால், உங்கள் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னால் ஓடுகிறது என்று சொன்ன மனிதர். அவர் நம்பிய சங்கதிகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு மூடலாம். அதிலும் குச்சிகளுக்கு இடம் இருக்கும். ஆனால் அலமாரி விஷயத்தில் அவருடைய சந்தேகம் மட்டும் பெரிய சிஸ்டருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கூட்டிச் சொல்லாத ஒரே விஷயம் அது. சரி, நாற்பதாயிரத்தைத் தவிர.

விஷயம் மகளிடமிருந்து ஆரம்பிக்கிறது. மகள் குழந்தைகள் வார்டில் பன்னிரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டபோது வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டாள். ஆறு வருஷம் இரண்டு மாதம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது, உணவுக் குழாயைக் கழுவுவது, மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிடுவது. சம்பந்திக்கு இந்த வேலைகளில் எதுவும் கைவராது. அவருக்குக் கைவந்தது எழுதுவதுதான். மனைவியைப் புரட்டிய நேரத்தையும் பக்கத்தையும் நீள நோட்டில் குறித்துவைத்தார். இடம், மல்லாக்க, வலம், மறுபடி இடம். பதினேழு நோட்டுகள். மாமியார் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம் பழைய வார்டிலிருந்து தகவல் வந்தது: ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஐந்து மாதம் வரைக்கும் உனக்காக வைத்திருப்போம், பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வந்துவிடு.

பதிவைப் புதுப்பிக்க எழுதிப்போட்டதற்கு நர்ஸிங் கவுன்சிலிலிருந்து பதில் வந்தது. படித்து முடித்ததும் தண்ணீர் குடிக்கத் தோன்றும் அளவுக்கு வறண்ட கடிதம். பணி இடைவெளி ஐந்து ஆண்டுகளைக் கடந்துவிட்டதால் தங்கள் பதிவு காலாவதியாகிவிட்டது. பொதுமக்கள் பாதுகாப்பு கருதி, ஓராண்டு முழுநேரப் பயிற்சியை மீண்டும் முடித்த பின்னரே பணிக்குத் திரும்பலாம். மகள் அதை இரண்டு தடவை படித்தாள். "விடும்மா. பதினெட்டு வயசுப் பிள்ளைங்களோட உக்காந்து கை கழுவக் கத்துக்கிட்டு வர்றதுக்குள்ள அந்த இடத்துக்கு வேற ஆள் வந்திருக்கும்" என்றாள். அப்புறம் தன் வெள்ளை ஷூவைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள். அழவில்லை. அழுதிருந்தால் பெரிய சிஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அழாத நோயாளிகளைத்தான் அவள் எப்போதுமே இரண்டு தடவை போய்ப் பார்ப்பாள்.

பெரிய சிஸ்டர் மறுநாளே கவுன்சிலுக்குக் கிளம்பினாள். யாரும் கூப்பிடாமலே சம்பந்தியும் பதினேழு நோட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கூட வந்தார். பதிவாளர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜை முழுக்கக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். பெரிய சிஸ்டர் பேசினாள். மகளின் ஆறு வருஷம் அவள் வாயில் அறுபது வருஷமானது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை புரட்டினாளாக்கும், அத்தனை வருஷத்தில் அந்த உடம்பில் கடுகளவுகூடப் படுக்கைப்புண் வரவில்லையாக்கும், உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியாலும் முடியாத காரியமாக்கும். சம்பந்தி ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதிவாளர் முதல் நோட்டை எடுத்து, கண்ணுக்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டு புரட்டினார். மரியாதைக்குப் புரட்டுகிறவர்கள் நாலு பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். அவர் நிறுத்தவில்லை. மூடியபோது, "ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டிருக்காங்க, சிஸ்டர்" என்றார். "ஆனா இது ஒரு வீடு. ஒரு வீட்டை வெச்சு எல்லாருக்கும் விதி எழுத முடியாது. நானே எழுதினாலும் அது தப்பு."

"சரிங்க மேடம். இந்த அஞ்சு வருஷத்தை எத்தனை வீட்டை வெச்சு எழுதினீங்க? ஏன் நாலு இல்லை? ஏன் ஏழு இல்லை?"

பதிவாளர் தலையிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். மேஜைமேல் இருந்த விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். பிறகு, "தெரியாது" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் 'தெரியாது' என்று சொல்லிப் பெரிய சிஸ்டர் தன் முப்பத்தாறு வருஷத்தில் மூன்றே தடவைதான் கேட்டிருக்கிறாள். மூன்று தடவையும் நோயாளி பிழைத்துக்கொண்டார். அந்த அம்மாளை அவளுக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. பதிவாளர் மேலும் சொன்னார்: பழைய விதிகளையெல்லாம் ஆதாரத்தோடு திருப்பி எழுதக் குழு ஒன்று போட்டிருக்கிறார்கள். பத்து வாரத்தில் கூடும். யார் வேண்டுமானாலும் ஆதாரம் கொடுக்கலாம். உங்களுடையதும் மற்றவர்களுடையதைப் போலத்தான் எடைபோடப்படும், உங்கள் மகள் என்பதற்காக ஒரு குந்துமணிகூடக் கூடாது, குறையாது. எடைபோடுவது என்ற சொல்லைக் கேட்டதும் சம்பந்தி முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஐந்து எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் பெரிய சிஸ்டர் கவுன்சிலின் பதிவறைக்குள் இறங்கினாள். பெஞ்சில் சொல்லும்போது அது நாற்பது நாள். அங்கே இருந்த சிலந்திகள் நண்டு அளவு. உண்மையில் மூன்று நாள், சிலந்திகள் சிலந்தி அளவுதான். தூசுக்கு ஒத்துக்கொள்ளாத ஓர் எழுத்தர் ஒவ்வொரு கட்டை அவிழ்க்கும்போதும் ஏழு தும்மல் தும்மினார். மூன்றாம் நாள் முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய கூட்டக் குறிப்பு ஒன்று கிடைத்தது. அலுவலகத்தில் உள்ள இரும்பு அலமாரியில் ஐந்து இழுப்பறைகளே இருப்பதால், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தகவல் தராத செவிலியரின் அட்டைகளை அகற்றிவிடலாம். பின்னர் திரும்பி வருவோரைப் புதியவராகக் கருதி இறுதி ஆண்டுப் பயிற்சியில் சேர்க்கலாம். அவ்வளவுதான். நாலு வருஷம் கழித்துத் தட்டச்சு செய்த பிரதியில் அலமாரி காணாமல் போய், 'அலுவலக வசதி கருதி' என்று இருந்தது. இன்னும் ஒன்பது வருஷம் கழித்து அச்சான விதிப் புத்தகத்தில் அது 'பொதுமக்கள் பாதுகாப்பு கருதி' ஆகிவிட்டிருந்தது. பெரிய சிஸ்டர் அங்கேயே ஒரு கட்டின்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எழுத்தர் அவளுக்கும் தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார். அந்த அலமாரி எங்கே என்று கேட்டதற்கு மூலையைக் காட்டினார். இடுப்பு உயரத்துக்குக் கட்டுகள் அடுக்கியிருந்தன. அதற்குமேல் பச்சை வண்ணத்தில் இரண்டு இழுப்பறைகள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தன.

பிரதிகளை மகள் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டு வந்ததுபோல் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். சம்பந்தி உருப்பெருக்கியை வைத்துப் படித்தார். ஓர் இழுப்பறைக்கு ஓர் ஆண்டு என்று இதில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். அலமாரியை முழுசாகப் பார்த்தீர்களா, கட்டுகளுக்குப் பின்னால் ஆறாவது ஒன்று இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எவனோ ஓர் எழுத்தர் விளையாட்டாக எழுதிவைத்திருப்பான் என்றார். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அடுத்ததாக ஒன்று சொன்னார் பாருங்கள், அதுதான் அவளைக் கட்டிப்போட்டது.

"அலமாரியாகவே இருக்கட்டும் சம்பந்தியம்மா. அஞ்சு தப்புன்னு ஆச்சு. அப்ப எது சரி? அதுக்கு உங்க கையில என்ன இருக்கு?"

கையில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் அவள் அந்தப் பிரதிகளையே திருப்பித் திருப்பிப் படித்தாள். அப்போது பக்கத்துத் தெருக் கோயிலில் மணி தானாக அடித்து விடை பிறந்தது என்று பெஞ்சில் சொல்வாள். உண்மையில் குளிக்கும்போது ஞாபகம் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஆள் போதாமல், கவுன்சிலே இந்த விதியை ஒரு வருஷம் நிறுத்தி வைத்திருந்தது. ஆறு வருஷம், எட்டு வருஷம் வீட்டில் இருந்தவர்களையெல்லாம் பயிற்சி இல்லாமல் நேரே வார்டுக்கு வரச்சொன்னார்கள். வந்தார்கள், வேலை செய்தார்கள். தவறு நடந்தால் எழுதிவைக்கும் பதிவேடு எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு. ஆக, பதில் ஏற்கெனவே எழுதப்பட்டு எங்கோ அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருக்கிறது. யாரும் படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று ஆஸ்பத்திரிகள் அனுமதி தந்தன, பெயர்களை மறைத்து எண் போட்டுத்தான் தருவோம் என்ற நிபந்தனையோடு. அதற்கப்புறம் ஏழு வாரம் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடம் இல்லை. குடும்பமே தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டது. பதிவேட்டைத் திறப்பதற்கு முன்னால் எதையெல்லாம் தவறு என்று எண்ணப்போகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் சம்பந்தி. எண்ண ஆரம்பித்த பிறகு படிக்கல்லை மாற்றக்கூடாதாம். ஒவ்வொரு பக்கத்தையும் இருவரும் தனித்தனியாகப் படித்துக் குறித்தார்கள். ஒத்துவராத இடங்களில் நடந்த சண்டையைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு தடவை கதவைத் தட்டினார்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பியவர்கள் அறுபத்துநான்கு பேர். அதே வார்டில் அதே மாதங்களில் இடைவிடாமல் இருந்தவர்கள் நூற்று இருபத்தெட்டுப் பேர். விதி தொடாத, இரண்டு மூன்று வருஷ விடுப்பில் போய் வந்தவர்கள் நாற்பது பேர். செவிலியர் கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தரும் ஆசிரியை வந்து கணக்கைச் சரிபார்த்தார். சம்பந்தியின் கழித்தலில் ஒரு பிழை கண்டுபிடித்தார். அன்று முழுக்க சம்பந்தி துக்க வீட்டில் இருப்பதுபோல் இருந்தார். பெரிய சிஸ்டர் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொண்டாள்.

கடைசித் தாள் ஒரு மத்தியான நேரத்தில் வந்து சேர்ந்தது. வருஷம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் திரும்பி வந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வாரம் வாரமாகப் பிரித்தபோது முதல் ஆறு வாரம் அசிங்கமாக இருந்தது. மற்றவர்கள் ஒரு தவறு செய்த இடத்தில் இவர்கள் மூன்று. பெரும்பாலும் சின்னச் சின்னவை: புதுமாதிரி மருந்துப் பம்ப், நிறம் மாறிப்போன சீட்டு, இடம் மாறிய ட்ரே. ஆனால் தவறு தவறுதான். ஏழாவது வாரத்திலிருந்து கோடு இறங்கி மற்றவர்களோடு ஒட்டிக்கொண்டது. பெரிய சிஸ்டர் அந்தத் தாளை மட்டும் எடுத்து, யாரும் பார்க்காததுபோல், மேஜை விரிப்புக்கு அடியில் செருகினாள்.

"வருஷக் கணக்கு இருக்கில்ல, அது போதும்" என்றாள்.

"தராசுத் தட்டுக்கு அடியில மெழுகு ஒட்டுற கடைக்காரனும் இப்படித்தான் சொல்வான். ஒரு சொட்டுதானே சார்னு."

"இதைப் பாத்தா என் பொண்ணை உள்ள விடமாட்டாங்க, சம்பந்தி."

அவர் துணிப்பையிலிருந்து முதல் நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் தள்ளினார். நாலாவது வாரம், செவ்வாய்க்கிழமை, வலது இடுப்பு, புண், ஒரு ரூபாய் நாணய அளவு. அதற்குக் கீழே பத்தொன்பது நாளுக்கு அதன் விட்டம், மில்லிமீட்டரில், சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு சின்னக் கோடு. "உங்க பொண்ணு குழந்தைங்களைத் தூக்கிப் பழகுனவ. என் வீட்டுக்காரி எழுபத்தெட்டு கிலோ. பழக அஞ்சு வாரம் ஆச்சு. அதுக்கப்புறம் ஆறு வருஷம் ஒண்ணும் வரலை. நீங்க கடுகளவுகூட இல்லைன்னு சொன்னப்ப எனக்கு எங்க பாக்கிறதுன்னு தெரியலை" என்றார்.

பெரிய சிஸ்டர் விரலை வைத்து அந்த எண்களை மேலிருந்து கீழே படித்தாள். மகள் பிறந்து பதினொரு மாதம் கழித்து வார்டுக்குத் திரும்பிய முதல் வாரத்தில், பக்கத்துக் கட்டிலுக்கு ஏற்ற வேண்டிய பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தவறான கட்டிலருகே தான் நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள்தான், ஏம்மா இவங்களுக்கா என்று கேட்டாள். பெஞ்சில் சொன்ன ஆயிரம் கதைகளில் அந்தக் கதை இல்லை. மேஜை விரிப்பைத் தூக்கினாள். தாளை எடுத்துக் கையால் நீவி, கட்டின் அடியில் அல்ல, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

குழு கூடிய அன்று நீள மேஜையில் பதிவாளரோடு சேர்த்து ஏழு பேர். அவளுக்குப் பத்து நிமிஷம். சம்பந்தி பின்வரிசையில் உட்கார்ந்து, எந்த நிமிஷமும் ஓர் 'ஆயிரம்' வந்து விழும் என்று சட்டைப் பையிலிருந்த நாடாவை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். விழவில்லை. அறுபத்துநான்கை அறுபத்துநான்கு என்றாள். மூன்று மடங்கை மூன்று மடங்கு என்றாள். முதல் ஆறு வாரத்தை முதலில் சொன்னாள். இரண்டு வருஷம் போய்வந்த நாற்பது பேருக்கும் அதே ஆறு வாரம் தேவைப்பட்டது, அவர்களை விதி கண்டுகொள்ளவே இல்லை. எட்டு வருஷம் போய்வந்தவருக்கும் அதே ஆறு வாரம் போதுமாக இருந்தது, அவரிடம் விதி ஒரு வருஷம் கேட்கிறது என்றாள். மூன்று ஆஸ்பத்திரி மட்டுமே பார்த்தோம், அதுவும் அவசர காலத்தில், வேறிடத்தில் வேறு மாதிரி இருக்கலாம் என்பதையும் சொன்னாள். கடைசியாக அலமாரிக் குறிப்பைப் படித்தபோது ஆறு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். பதிவாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு என் ரூம்ல, உங்க மகள் பாத்துக்கிட்ட ஆறு வருஷத்துல ஒரு புண்ணுகூட வரலைன்னு சொன்னீங்களே, சிஸ்டர்?"

பெரிய சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "பொய் சொன்னேன், மேடம். ஒண்ணு வந்துச்சு. நாலாவது வாரம். நோட்டுல இருக்கு."

"தெரியும். அன்னைக்கே படிச்சேன்" என்றார் பதிவாளர். தன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் பெரிய சிஸ்டருக்கு நாடி நூற்றுப் பத்து. அவளே பிடித்துப் பார்த்தது, அதனால் நம்பலாம். குழந்தைகள் வார்டு கொடுத்த தவணையில் ஒன்பது நாள் மிச்சமிருந்தபோது கடிதம் வந்தது. இதுவும் வறண்ட கடிதம்தான். ஓராண்டுக்கு மேல் எவ்வளவு காலம் பணியிலிருந்து விலகியிருந்தாலும், மூத்த செவிலியர் ஒருவரின் மேற்பார்வையில் ஆறு வாரம் பணியாற்றினால் பதிவு முழுமை பெறும். மேற்பார்வைக் காலமும் பணிக்காலமாகவே கொள்ளப்படும். இரண்டு ஆண்டுகளில் இவ்விதி மீண்டும் சரிபார்க்கப்படும். மகள் அதைப் படித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பரணிலிருந்து ஷூவை இறக்கினாள். செய்தித்தாளைப் பிரித்து, காய்ந்து விறைத்துப்போயிருந்த தோலைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தவள், அப்போதுதான், ஸ்டூலிலேயே உட்கார்ந்து, அழுதாள். பெரிய சிஸ்டருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அன்றைக்கு மத்தியானம் அவள் தூங்கிய தூக்கத்தில் எழுந்த குறட்டை மூன்று தெரு கேட்டது. இதைச் சொன்னது சம்பந்தி. அவரும் கூட்டிச் சொன்ன நாள் அது ஒன்றுதான்.

மகளின் மேற்பார்வையாளர் அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஒரு காலத்தில் இவளிடமே ஊசி போடக் கற்றுக்கொண்டவள். முதல் வாரம் மகளின் கை ஆறு வருஷத்துக்கு முன்னால் சிரிஞ்சு இருந்த இடத்துக்கே போய்ப் போய்த் திரும்பியது. புதுப் பம்பில் ஒரு தடவை எண்ணை மாற்றி அழுத்தினாள். மருந்து இறங்குவதற்கு முன்னால் இளையவள் பார்த்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தட்டை மேஜையில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே, "உங்க தாள் சரிதாம்மா" என்றாள். "நல்லவேளை, பக்கத்துல ஆள் இருந்தா." நான்காவது வாரம் கை தானாகப் புது இடத்துக்குப் போனது. ஆறாவது வாரம் இளையவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் படிவத்தைக் கவுன்சிலில் நேரில் கொடுக்கவேண்டிய நாள்தான் இந்தப் பெஞ்ச் அறிவிப்பு நடந்த நாள். பத்து மணிக்கு மூவரும் போனார்கள். மகள் படிவத்தோடு பதிவாளர் அறைக்குள் போனாள். மற்ற இருவரும் வராந்தாவில் நின்றார்கள். பதிவறையைக் காலி செய்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. கட்டுகளெல்லாம் எங்கோ போயிருந்தன. வராந்தாவின் கோடியில், ஜன்னலுக்குக் கீழே, பச்சை வண்ண இரும்பு அலமாரி தன்னந்தனியாக, உச்சியிலிருந்து கால்வரை தெரிய நின்றுகொண்டிருந்தது. அகற்றவும் என்று சுண்ணக்கட்டியால் நெற்றியில் எழுதியிருந்தது.

பெரிய சிஸ்டர் தலையை அந்தப் பக்கம் லேசாக ஆட்டினாள், அவ்வளவுதான்.

சம்பந்தி நாடாவை எடுத்துக்கொண்டு போனார். முதலில் உயரம் அளந்தார். பிறகு முதல் இழுப்பறையின் ஆழம். பித்தளைச் சட்டத்துக்குள் மங்கிய மையில், 'முதலாம் ஆண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இரண்டாவதில், 'இரண்டாம் ஆண்டு'. மூன்றாவதுக்குக் குனிந்தார். நான்காவதுக்கு ஒரு முட்டியை ஊன்றினார். ஐந்தாவதுக்கு இரண்டு முட்டியும் தரையில் பட உட்கார்ந்து, நாடாவின் கொக்கியை இழுப்பறை விளிம்பில் மாட்டிவிட்டு, உருப்பெருக்கியை எடுத்தார். அதற்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். அலமாரியின் கால்களும் தரையும்தான் இருந்தன. மறுபடி சீட்டைப் படித்தார். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர், குனிந்து குனிந்து முதுகு வலித்துப்போன கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'ஐந்தாம் ஆண்டு. இதற்குமேல் இடமில்லை.'

அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க ஒரு தடவை முயன்றார், முடியவில்லை. அதற்குள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த மகள், கையிலிருந்த புது அட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வராந்தாவைக் கடந்து வந்து அவருக்குப் பக்கத்தில் காலை அகட்டி முட்டியை மடக்கினாள். "மாமா, முன்னால சாயுங்க. என் கையைப் பிடிக்காதீங்க, தோளைப் பிடிங்க. மூணு சொன்னதும் எழுந்திருக்கலாம்" என்றாள். ஆறு வருஷம் அந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை கேட்ட குரல். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் எழும்பினார். அவர் கையிலிருந்த நாடா விறைத்து இழுக்க, கொக்கி மாட்டியிருந்த ஐந்தாவது இழுப்பறை கிறீச்சிட்டுக்கொண்டு மெல்ல வெளியே வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் நேராக அதற்குள் போய் விழுந்தது.

சம்பந்தி மருமகளின் தோளைப் பிடித்தபடியே அதை எட்டிப் பார்த்தார்.

"நாப்பதாயிரம் இப்பவும் தப்புதான்" என்றார். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அலமாரி ஆண்டது நடந்ததுதான், சம்பந்தியம்மா" என்றார்.